குளிரில்லா நாடும் பனிக்கள ஓட்டமும்

'பனி' என்பது தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த முன்னோர், மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றும் வகுத்தனர். ஆயின் அவர்கள் கண்ட பனி புல்நுனியில் துளிர்க்கும் பனி. விடியலில் மூடிக் கதிரவன் எழ விலகும் பனி. நீர்நிலையைக் கல்லாக்கி, அதன்மீது மாந்தர் நடக்கவும் ஓடவும் இடந்தரும் பனியை அவர்கள் தம் ஊர்களில் கண்டிலர். ஆகவே வானிலிருந்து பஞ்சுபோல் விழுவதற்கும், குளத்தில் நீர் இறுகிக் கட்டியாவதற்கும் தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல்லே வேராக நிற்கிறது.

இதனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. செய்தித்தாள்களில் 'பனிச்சறுக்கு' என்று வருவது இரு வேறு விளையாட்டுகளைக் குறிக்கும். மலைச்சரிவில் நீண்ட மட்டைகளைக் காலிற் கட்டிக்கொண்டு பொழிபனியின் மேல் இறங்குவது ஒன்று. சமதளமான பனிக்கட்டியின்மேல் எஃகுத் தகடு பொருத்திய காலணி அணிந்து ஓடுவது மற்றொன்று. வகுப்பறையில் மாணவர் வினவுங்கால் ஆசிரியர் இவ்வேறுபாட்டை முதலிலேயே தெளிவாக்குதல் நன்று. முன்னதைப் பனிச்சரிவு விளையாட்டு என்றும், பின்னதைப் பனிக்கள ஓட்டம் என்றும் கொள்ளலாம். பனிக்கள ஓட்டத்தில் பெண்களுக்குரிய 1500 மீட்டர்ப் போட்டியே இக்கட்டுரையின் பொருள்.

பினாங்கு மாநிலத்தின் சிம்பாங் அம்பாட்டில் வளரும் பிள்ளைக்கு இப்பொருள் தொலைவானதாகத் தோன்றலாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் உள்ள அவ்வூரில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமே உண்டு. பனிக்கட்டி என்பது அங்கே குளிர்ப்பெட்டியிலும் ஐஸ் கச்சாங் கிண்ணத்திலும் காணும் பொருள். எனினும் அதே வெப்பமண்டலத்தைச் சேர்ந்த சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் 2018ஆம் ஆண்டில் குளிர்கால ஒலிம்பிக்கின் 1500 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். குளிர்காலமே இல்லாத நாட்டுக்கு அந்தக் கதவு எவ்வாறு திறந்தது? விடை அப்போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது.

நெடுந்தடமும் குறுந்தடமும்

பனிக்கள ஓட்டம் இருவகைப்படும். முதல்வகை நெடுந்தடம். ஒரு சுற்று 400 மீட்டர். ஈரோட்டக்காரர் தனித்தனிப் பாதையில் ஓடுவர். உட்பாதை குறுகியது, வெளிப்பாதை நீண்டது ஆதலின், ஒவ்வொரு சுற்றிலும் பாதை மாறிக்கொள்வர். இருவர் சேர்ந்து ஓடினும் உண்மையான எதிரி கடிகாரமே. அனைவரும் ஓடி முடித்தபின் மிகக் குறைந்த நேரம் எவருடையதோ அவரே வென்றவர்.

இரண்டாம் வகை குறுந்தடம். இதன் ஒரு சுற்று 111.12 மீட்டர் மட்டுமே. 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் இது அடங்கிவிடும். இங்கே பாதைப் பிரிவு இல்லை. அறுவர் அல்லது எழுவர் ஒருங்கே புறப்படுவர். நேரத்தைவிட இடமே முதன்மை. முன்வந்து கோட்டைத் தொட்டவர் அடுத்த கட்டத்துக்குச் செல்வார். பின்தங்கியவர் வீடு திரும்புவார்.

நெடுந்தடத்தில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. குறுந்தடத்தில் அதுவே பதின்மூன்றரைச் சுற்று. பதின்மூன்றரைச் சுற்றில் 27 வளைவுகள் உள்ளன. தொலைவு ஒன்றே, ஆயினும் ஓட்டம் ஒன்றன்று.

பள்ளித் திடலில் இதனை எளிதிற் காட்டலாம். 28.85 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை அடித்து, ஒவ்வொன்றிலும் எட்டரை மீட்டர்க் கயிற்றைக் கட்டி, வெளிப்பக்கமாக அரைவட்டம் வரைந்து, அவற்றின் முனைகளை நேர்கோடுகளால் இணைத்தால் குறுந்தடத்தின் வடிவம் கிடைத்துவிடும். அதற்கு வேண்டிய இடம் 46 மீட்டர் நீளமும் 17 மீட்டர் அகலமுமே. நெடுந்தடத்துக்கோ ஏறத்தாழ 180 மீட்டர் நீளமுள்ள களம் வேண்டும். இவ்விரண்டையும் மாணவர் ஒப்பிட்டு நோக்கின், எது ஒரு கட்டடத்துக்குள் அடங்கும், எது அடங்காது என்பதைத் தாமே உணர்வர்.

நடுத்தொலைவு எனப்படுவது ஏன்?

திடலில் காலால் ஓடும் 1500 மீட்டருக்கு உலகின் தலைசிறந்த பெண்களுக்கும் நான்கு நிமிடத்தை ஒட்டிய நேரம் வேண்டும். பனிக்களத்தின் நெடுந்தடத்தில் அதே தொலைவு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் சப்பானிய வீராங்கனை மிஹோ தகாகி 1 நிமிடம் 49.83 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். மணிக்கு 49 கிலோமீட்டருக்கும் மிகுந்த சராசரி வேகம் இது.

ஆகவே ஓட்டத்தின் தன்மையைத் தீர்மானிப்பது மீட்டர் அன்று, நிமிடமே. அரை நிமிடம் மட்டும் நீளும் ஓட்டத்தில் உடல் தன் முழு வலிமையையும் ஒருங்கே செலவிடலாம். ஏழெட்டு நிமிட ஓட்டத்தில் மூச்சோடு இசைந்து சிக்கனமாகச் செல்லலாம். இரண்டு நிமிட ஓட்டத்துக்கு இவ்விரண்டும் பொருந்தா. முழு விரைவில் தொடங்கினால் இறுதிச் சுற்றில் கால்கள் கல்லாகும். சிக்கனமாகத் தொடங்கினால் இழந்த நேரத்தை மீட்க வழியில்லை. போதாக்குறைக்கு, காற்றின் தடையைக் குறைக்க முழங்காலை மடக்கி, முதுகைத் தரைக்கு இணையாகத் தாழ்த்தியே ஓட வேண்டும். அந்நிலையில் தொடைத் தசைகள் இறுகியே இருத்தலின், குருதி தடையின்றிப் பாய்வதில்லை. எரிச்சலும் களைப்பும் விரைந்து வருகின்றன. செலவை அளந்து செய்பவரே வெல்லும் ஓட்டம் இது.

வழுக்குவது எதனால்?

பனிக்கட்டி வழுக்குவதற்குப் பாடநூல்கள் பல நெடுங்காலமாக ஒரே காரணம் கூறிவந்தன: தகட்டின் அழுத்தத்தால் பனிக்கட்டி உருகி நீராகிறது என்பதே அது. இஃது ஓரளவே உண்மை. ஓர் ஆளின் எடை மெல்லிய தகட்டின்மேல் நின்றாலும், அவ்வழுத்தம் உருகுநிலையை மிகச் சிறிதளவே தாழ்த்தும். களத்தின் குளிரில் அது போதாது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்போன்ற மிக மெல்லிய படலம் இயல்பாகவே உண்டு என்னும் கருத்தை மைக்கேல் பாரடே 1850ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். தகடு உராயும்போது எழும் வெப்பமும் அப்படலத்துக்குத் துணை செய்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இவ்வழுக்கலால் தகடு முன்னோக்கித் தடையின்றிச் செல்லும். விளிம்பு பனிக்கட்டியைப் பற்றிக்கொள்வதால் பக்கவாட்டில் உதைத்து விசை பெறலாம். முன்னே வழுக்கலும் பக்கத்தே பிடிப்பும் ஒருங்கே அமைதலே இவ்விளையாட்டின் அடிப்படை.

குறுந்தடக் காலணியில் தகடு நடுவில் இராமல் சற்று இடப்புறம் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். வளைவுக்கு ஏற்ப அதனைச் சிறிதே வளைத்துமிருப்பர். ஓட்டம் எப்போதும் இடஞ்சுழியாகவே நடைபெறுவதே இதற்குக் காரணம். மிதிவண்டியில் விரைந்து செல்பவர் திருப்பத்தில் உட்புறம் சாய்வதுபோல், ஓடுபவர் வளைவுதோறும் உட்புறம் ஆழச் சாய்வர். இடக்கையின் விரல்நுனி பனிக்கட்டியைத் தொட்டுச் செல்லும். அதன்பொருட்டே அக்கையுறையின் விரல்நுனிகள் வழவழப்பான கடினப் பொருளால் மூடப்பட்டுள்ளன. தலைக்கவசமும் கழுத்துக் காப்பும் வெட்டுத் தாங்கும் உடையும் இங்கே கட்டாயம். ஒருவர் வீழ்ந்தால் மற்றவருடைய தகடு கத்தியாகும்.

பெண்கள் களம் புகுந்த வரலாறு

பன்னாட்டுப் பனிக்கள ஓட்டச் சங்கம் 1892ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் தோன்றியது. 1924இல் பிரான்சின் சமோனியில் நடந்த முதற் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடவர்க்கு இவ்வோட்டம் இருந்தது, பெண்டிர்க்கு இல்லை. 1932இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் பெண்களுக்கு 500, 1000, 1500 மீட்டர் ஓட்டங்கள் காட்சிப் போட்டிகளாக நடந்தன. 1500 மீட்டரில் அமெரிக்காவின் கிட் கிளைன் முதலில் வந்தார். பதக்கக் கணக்கில் அது சேரவில்லை.

அடுத்த 28 ஆண்டுகள் பெண்கள் காத்திருந்தனர். 1960இல் ஸ்குவா வேலியில்தான் அவர்களுக்குப் பதக்கப் போட்டிகள் கிடைத்தன. அங்கே 1500 மீட்டரைச் சோவியத்து நாட்டின் லிடியா ஸ்கோப்ளிகோவா 2 நிமிடம் 25.2 விநாடியில் ஓடி உலகச் சாதனையுடன் வென்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் இன்சுபுருக்கில் பெண்களுக்கென இருந்த நான்கு ஓட்டங்களையும் அவர் ஒருவரே வென்றார்.

நெடுந்தடத்தின் வேகம் அதன்பின் பெருகியது. மூடிய அரங்குகள் வந்தன. காற்றைக் கிழிக்கும் உடைகள் வந்தன. 1990களின் பிற்பகுதியில், குதிகால் மேலெழும்போதும் தகடு பனிக்கட்டியை விட்டு நீங்காதவாறு கீல் வைத்த காலணி பரவியது. 2018இல் நெதர்லாந்தின் இரீன் வூஸ்ட் 1500 மீட்டரை 1 நிமிடம் 54.35 விநாடியில் வென்றார். இரண்டாம் இடம் பெற்ற தகாகிக்கும் அவருக்கும் இடைவெளி விநாடியில் ஐந்தில் ஒரு பங்கே.

குறுந்தடம் 1988இல் கால்கரியில் காட்சிப் போட்டியாகி, 1992இல் ஆல்பர்ட்வில்லில் பதக்கப் போட்டியாயிற்று. பெண்களுக்கான 1500 மீட்டர் அதில் 2002இல்தான் சேர்ந்தது. சால்ட் லேக் நகரில் முதற் பொற்பதக்கம் பெற்றவர் தென்கொரியாவின் கோ கி ஹியுன்.

ஒரு பெண்ணின் ஓட்டம்

ஷையேன் கோ 1999இல் சிங்கப்பூரில் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பத்தோடு கனடா சென்றார். பனிக்களத்தில் அவர் முதலில் ஆடியது வளைகோற் பந்து. 2010இல் வான்கூவரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கைக் கண்டபின் குறுந்தட ஓட்டத்தின்பால் நாட்டம் கொண்டார். பின்னர்ச் சிங்கப்பூருக்குத் திரும்பினார். ஆகவே அவர் கற்ற முதலெழுத்து குளிர்நாட்டில் கற்றதே என்பதை மறைத்தல் ஆகாது. ஆனால் அக்கல்வி தொடர்வதற்குச் சொந்த நாட்டில் ஒரு களம் வேண்டியிருந்தது. சூரோங் கிழக்கில் ஜேகியூப் என்னும் பேரங்காடிக்குள் 2012இல் திறக்கப்பட்ட ஒலிம்பிக் அளவுப் பனிக்களம் அத்தேவையை நிறைவேற்றியது.

பனிக்களம் அங்காடிக்குள் அமைந்தது தற்செயல் அன்று. 1876இல் இலண்டனில் ஜான் காம்ஜி செயற்கைப் பனிக்களம் அமைத்த நாள்தொட்டு முறை ஏறத்தாழ ஒன்றே. தளத்தின் அடியில் குழாய்களைப் பதித்து, உறையாத குளிர்நீர்மத்தை அவற்றினூடே ஓட்டி, மேலே மெல்லிய அடுக்குகளாக நீரூற்றி உறையச் செய்வர். வெப்பநாட்டில் இதற்கு ஆகும் மின்செலவு பெரிது. அச்செலவைத் தாங்க, விடுமுறை நாளில் பணங்கொடுத்து விளையாட வரும் பொதுமக்கள் வேண்டும். ஆகவே களம் மக்கள் கூடும் அங்காடியை நாடுகிறது. 2017இல் கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகப் பனிக்கள ஓட்டம் சேர்ந்தபோது, அதுவும் டாமன்சாராவின் எம்பயர் சிட்டி அங்காடி வளாகத்திலேயே நடந்தது. 2019இல் பிலிப்பீன்சிலும் அங்காடிக் களமே பயன்பட்டது. அங்காடிக்குள் 400 மீட்டர் நெடுந்தடம் அமையாது. 111 மீட்டர் குறுந்தடம் அமையும். வெப்பநாட்டுப் பிள்ளைக்குத் திறந்த கதவு இதுவே.

களத்தோடு ஆசானும் கிடைத்தார். சிங்கப்பூர் அணியைப் பயிற்றுவித்தவர் தென்கொரியாவின் சுன் லீ கியுங். 1994இலும் 1998இலும் 1000 மீட்டரிலும் தொடரோட்டத்திலும் வென்று நான்கு ஒலிம்பிக் பொற்பதக்கங்கள் பெற்றவர் அவர். 1998இல் நகானோவில் இறுதிக் கோட்டருகே காலை முன்னே நீட்டித் தகட்டின் முனையைக் கோட்டுக்கு அப்பால் செலுத்தி அவர் வென்றது இவ்விளையாட்டில் இன்றும் பேசப்படுவது. கோட்டை முதலில் கடக்க வேண்டியது தலையன்று, மார்பன்று, தகட்டின் முனையே.

ஒலிம்பிக் 1500 மீட்டரில் 36 பெண்களுக்கே இடம். உலகக் கோப்பைப் போட்டிகளில் பெற்ற தரவரிசையால் அவ்விடங்கள் நிரப்பப்பட்டன. ஒரு நாட்டுக்கு மூவர்க்கு மேல் இல்லை என்பது விதி. தென்கொரியாவின் நான்காம் வீராங்கனை உலகில் பலரை வெல்லக்கூடியவராயினும், அவருக்கு இடமில்லை. அவ்விடம் வேறொரு நாட்டுக்குச் செல்லும். இவ்விதி சிறுநாடுகளுக்கு வழி திறக்கிறது. ஆயினும் அவ்வழியிலும் ஓடியே செல்ல வேண்டும். ஷையேன் கோ உலகக் கோப்பைப் போட்டிகளில் ஓடித் தகுதி பெற்றே சென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் முதல் வீரர் அவரே. தொடக்க விழாவில் கொடி ஏந்தியவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 18.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் தென்கொரியாவின் கங்நுங் பனிக்கள அரங்கில் முதற்சுற்று நடந்தது. அறுவர் ஓடிய தம் பிரிவில் அவர் ஐந்தாவதாக வந்தார். நேரம் 2 நிமிடம் 36.971 விநாடி. அடுத்த கட்டத்துக்கு அவர் செல்லவில்லை. அன்று இறுதிப் போட்டியில் தென்கொரியாவின் சொய் மின் ஜோங், பின்னிருந்து வெளிப்புறமாக முன்னேறி, 2 நிமிடம் 24.948 விநாடியில் வென்றார். சீனாவின் லீ சின்யூ வெள்ளியும் கனடாவின் கிம் பூத்தான் வெண்கலமும் பெற்றனர்.

எண் கூறும் செய்தி

சிங்கப்பூர்ப் பெண்ணின் நேரத்துக்கும் பொற்பதக்க நேரத்துக்கும் இடைவெளி 12 விநாடி. அவருடைய வேகத்தில் அஃது ஏறத்தாழ 115 மீட்டர். அதாவது ஒரு சுற்றுக்குச் சற்று மிகுதி. இருவரும் ஒரே ஓட்டத்தில் ஓடவில்லை ஆதலின் இவ்வொப்பீடு முற்றும் சரியாகாது. குறுந்தடத்தில் முதற் சுற்றுகளில் எவரும் முந்த விரும்பாமல் மெல்லச் செல்வதும் உண்டு. முன்னே செல்பவர் காற்றைக் கிழிக்கப் பின்னே செல்பவர் வலிமையைச் சேமிப்பார். எனினும் பதின்மூன்றரைச் சுற்றில் ஒரு சுற்று என்பது, ஒரு நாடு இன்னும் எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பதற்கு ஏறத்தாழ ஓர் அளவுகோலாகும்.

வேறோர் ஒப்பீடும் சிந்தனைக்குரியது. 1960இல் நெடுந்தடத்தில் உலகச் சாதனையாக விளங்கிய ஸ்கோப்ளிகோவாவின் 2 நிமிடம் 25.2 விநாடியும், 2018இல் 27 வளைவுகள் கொண்ட குறுந்தடத்தில் சொய் எடுத்த நேரமும் ஏறத்தாழ ஒன்றே. அன்று திறந்தவெளியில் உலகின் எல்லையாயிருந்த வேகம், அரை நூற்றாண்டு கழிந்தபின் அங்காடிக்குள் அடங்கும் வளையத்திலும் எட்டப்பட்டது. 2022இல் பெய்சிங்கில் சொய் மீண்டும் வென்றபோது நேரம் 2 நிமிடம் 17.789 விநாடி. இத்தாலியின் அரியானா பொன்டானாவும் நெதர்லாந்தின் சுசான் சுல்டிங்கும் அவருக்கு அடுத்து வந்தனர். முதல் மூவருக்கும் இடைப்பட்ட நேரம் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தகட்டின் முனை ஏன் பேசப்படுகிறது என்பதற்கு இதுவே சான்று.

கதவு மூடுமா?

2018இல் மலேசியாவும் முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்குக்குச் சென்றது. பனிக்கள நடனத்தில் ஜூலியன் யீயும், பனிச்சரிவு விளையாட்டில் ஜெப்ரி வெப்பும் பங்கேற்றனர். 2022இல் பனிச்சரிவில் அருவின் சலேஹுடின் என்னும் பெண் மலேசியாவின் சார்பில் இறங்கினார். ஆயின் அவ்விரு ஆண்டுகளிலும் மலேசியப் பெண் எவரும் ஒலிம்பிக் பனிக்கள ஓட்டத்தில் இடம்பெறவில்லை.

ஒருமுறை திறந்த கதவு என்றும் திறந்தே இருக்கும் என்பதும் இல்லை. சிங்கப்பூரின் ஜேகியூப் பேரங்காடி 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதனோடு அதன் பனிக்களமும் போயிற்று. இந்தியாவில் டேராடூனில் 2011இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகக் கட்டிய உள்ளரங்கப் பனிக்களம் பின்னர்ப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2025இல் மீண்டும் உயிர்பெற்றது. குளிர்நாட்டில் ஏரி உறைந்தால் களம் தானே பிறக்கும். வெப்பநாட்டில் களம் என்பது மின்கட்டணமும் வாடகையும் கூடி நிற்கும் ஒரு கணக்கு. அக்கணக்கு ஓரிடத்தில் பிழைத்தால், பத்தாண்டுப் பயிற்சி ஒரே நாளில் இடமிழந்துவிடும்.

குளிர்நாட்டார்க்கே உரிய கலை இது என்பது பாதியே உண்மை. உடல்வலிமைக்கு நிலநடுக்கோட்டோடு பகையில்லை. பகை களத்துக்கே உண்டு. ஷையேன் கோவின் ஐந்தாம் இடத்தைத் தோல்வி என்று மட்டும் பதிவுசெய்யும் ஏடு, அவ்விடத்துக்கு அவரைக் கொண்டுசேர்த்த 111 மீட்டர் வளையத்தையும், ஓர் ஆசானின் உழைப்பையும், மூவர்க்கு மேல் இடமில்லை என்னும் விதியையும் கணக்கில் எடாமல் விட்டுவிடும். சிம்பாங் அம்பாட்டின் பள்ளித் திடலில் கயிற்றால் அவ்வளையத்தை வரைந்து பதின்மூன்றரைச் சுற்று நடந்து பார்க்கும் மாணவர், இவற்றுள் ஒன்றையேனும் காலால் அளந்தவராவர்.